ஒரு சர்வர் நின்றால் இன்னொன்று: பெயில் ஓவர் கிளஸ்டர்

அலுவலகங்களில் பலரும் பயன்படுத்தும் பைல்களைப் பொதுவான ஒரு கம்ப்யூட்டரில் வைப்பார்கள். இதனை பைல் சர்வர் என்கிறோம். வசதிதான், ஆனால் அது நின்றால் அலுவலகமே நின்றுவிடும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசி நாளில் இப்படி நடந்தால்? திருச்சி மன்னார்புரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்திற்கு நான் அமைத்துக் கொடுத்த ஏற்பாட்டைக் கொண்டு இதற்கான தீர்வைப் பார்ப்போம்.

பெயில் ஓவர் என்றால் என்ன?

இரண்டு சர்வர்களை ஒரு குழுவாக இணைப்பதே கிளஸ்டர். ஒவ்வொரு சர்வரும் ஒரு நோட். பைல்கள் இவற்றின் உள்ளே இல்லாமல், இரண்டும் அணுகக்கூடிய தனி ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு நோட் மட்டுமே பைல்களை வழங்கும். இரண்டும் நொடிக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" எனச் செய்தி அனுப்பிக் கொள்ளும். இதற்கு ஹார்ட்பீட் என்று பெயர். தொடர்ந்து சில துடிப்புகள் வராவிட்டால், காத்திருக்கும் நோட் பொறுப்பை ஏற்கும். இதுவே பெயில் ஓவர்.

அமைப்பது எப்படி?

1. இரண்டு விண்டோஸ் சர்வர்களையும் ஒரே டொமைனில் இணைத்து, இரண்டிலும் பெயில் ஓவர் கிளஸ்டரிங், பைல் சர்வர் ஆகியவற்றை இன்ஸ்டால் செய்திடவும்.

2. பெயில் ஓவர் கிளஸ்டர் மேனேஜரைத் திறந்து, வேலிடேட் கான்பிகரேஷன் என்பதில் கிளிக் செய்திடவும். நெட்வொர்க், டிஸ்க் ஆகியன சோதிக்கப்பட்டு அறிக்கை கிடைக்கும். பிழை இருந்தால் சரி செய்த பின்னரே தொடரவும்.

3. கிரியேட் கிளஸ்டர் மூலம் கிளஸ்டரை உருவாக்கவும்.

4. கான்பிகர் ரோல் சென்று பைல் சர்வரைத் தேர்ந்தெடுத்து, புதிய பெயரும் ஐ.பி. முகவரியும் தரவும்.

5. அந்தப் பெயரின் கீழ் போல்டரை ஷேர் செய்திடவும். ஊழியர்களின் கம்ப்யூட்டர்களில் இந்தப் பெயரையே தர வேண்டும். நோட்டின் பெயரைத் தந்தால், அது நின்றதும் தொடர்பு அறுந்துவிடும்.

மூன்றாவது ஓட்டு

இரண்டு நோட்களும் நன்றாக இருந்து, இடையிலுள்ள கேபிள் மட்டும் அறுந்தால்? மற்றது நின்றுவிட்டது என இரண்டுமே நினைத்து, ஒரே டிஸ்க்கில் எழுதினால் பைல்கள் கெட்டுவிடும். இதைத் தடுக்க, விட்னஸ் என்ற மூன்றாவது ஓட்டு உண்டு. பெரும்பான்மை பெற்ற பக்கமே இயங்கும்.

கவனிக்க வேண்டியவை

இரண்டு சர்வர்களையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் இணைக்காதீர்கள். அது பழுதானால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். துணை மின் நிலையப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களில் இதன் அருமை தெரியும்.

மாற்று இருந்தால் மட்டும் போதாது. அடிக்கடி மாற்றிப் பார்க்க வேண்டும். தேசிய பங்குச் சந்தையில் 2021 பிப்ரவரி 24 அன்று கோளாறு ஏற்பட்டு, வர்த்தகம் சுமார் நான்கு மணி நேரம் நின்றது. மாற்று மையம் இருந்தும் அன்று வர்த்தகம் அங்கு மாற்றப்படவில்லை. பின்னர் 2024 மார்ச் 2, சனிக்கிழமை, வர்த்தகத்தின் நடுவிலேயே மாற்று மையத்திற்கு மாறி ஒத்திகை பார்த்தார்கள்.

முக்கியமாக, பெயில் ஓவர் வேறு, பேக் அப் வேறு. தவறுதலாக ஒரு பைலை அழித்தால், எந்த நோட் வழியாகப் போனாலும் அது இருக்காது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு கிளஸ்டர் தேவையில்லை. முக்கிய பைல்களை வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, அதைக் கழற்றித் தனியே வையுங்கள். எப்போதாவது ஒரு பைலை அதிலிருந்து திறந்தும் பாருங்கள்.