நோய் வருமுன் காப்பீட்டு அட்டை



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு மனு வந்தால், நாங்கள் முதலில் கேட்பது, "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்திருக்கிறீர்களா?" என்பதுதான். பலரிடம் இருப்பதில்லை. நோயாளி படுக்கையில் கிடக்க, ஒருவர் வருமானச் சான்றுக்கு அலைகிறார். இன்னொருவர் நகையை வட்டிக்கு அடகு வைக்கிறார். வட்டியை விட்டு ஒதுங்கி வாழ்ந்த குடும்பம் ஒரே வாரத்தில் அதில் சிக்கிக்கொள்கிறது. இதைத் தவிர்க்க, உடல்நலம் உள்ளபோதே அட்டையை எடுத்துவிட வேண்டும்.

யாருக்குக் கிடைக்கும்?

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது வரம்பு இல்லை. ஏற்கெனவே நோய் உள்ளவர்களும் சேரலாம். கணவன், மனைவி, அவர்களைச் சார்ந்திருக்கும் பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் ஒரே அட்டையில் வருவார்கள். ஆனால் அவர்கள் பெயர் ரேஷன் கார்டில் இருக்க வேண்டும். முதிய தாய் தந்தையர் எந்தப் பிள்ளையின் கார்டில் இருக்கிறார்கள் என்பதை இன்றே பாருங்கள். "தம்பி கார்டில் இருக்கும்" என்று அண்ணனும், "அண்ணன் கார்டில் இருக்கும்" என்று தம்பியும் இருந்துவிட்டால், இடையில் தவிப்பது பெற்றோர்தான்.

என்ன கிடைக்கும்?

குடும்பம் முழுமைக்கும் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளைக் கட்டணமின்றிப் பெறலாம். இதய அறுவை சிகிச்சை, புற்றுநோய் சிகிச்சை, டயாலிசிஸ் போன்றவை இதில் அடங்கும். அரசு மருத்துவமனைகளிலும், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் பெறலாம். காய்ச்சல், சளிக்கு டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கும் செலவுக்கு இது உதவாது.

எப்படி எடுப்பது?

கிராம நிர்வாக அலுவலர் அல்லது வருவாய்த்துறையிடம் பெற்ற வருமானச் சான்று, ரேஷன் கார்டு, குடும்பத்தார் அனைவரின் ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு அட்டை மையத்துக்குச் செல்லுங்கள். வருமானத்தைக் குறைத்துச் சொல்லிச் சான்று வாங்க வேண்டாம். அது பொய், உரிய ஏழையின் பங்கையும் பறிப்பதாகும்.

மருத்துவமனையில் பணம் கட்டும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டுங்கள். சிகிச்சைக்கு முன் அனுமதி பெறுவது அவர்கள் பொறுப்பு. கட்டி முடித்த பணத்தைப் பிறகு திரும்பப் பெற முடியாது. விவரங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் 'நிராமயா' என்ற திட்டம் தனியாக உள்ளது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தொடர் தெரபி செலவும் இதில் சேரும். சேர்வதற்கு உடற்பரிசோதனை கிடையாது. மாற்றுத்திறனாளி சான்று அவசியம்.

"காப்பீடு நமக்குக் கூடுமா?" என்று சிலர் தயங்குகிறார்கள். முதலமைச்சர் திட்டத்துக்கு நாம் தவணை எதுவும் கட்டுவதில்லை, அரசே கட்டுகிறது. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் ஆலிம்களிடம் விளக்கம் கேளுங்கள்; கேட்காமல் ஒதுங்கிவிடாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

தகுதியுள்ள வீடுகள் அட்டை எடுத்துவிட்டால், அட்டையால் தீராத செலவுகளுக்கும் அட்டை பெற முடியாதவர்களுக்கும் ஜகாத் நிதி போய்ச் சேரும். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உடனிருந்து உதவுவோம்.