பச்சைக் கணினி வாங்கலாமா? – எட்டாம் வகுப்பில் ஒரு கணக்கு

எட்டாம் வகுப்பு ‘வாழ்வியல் கணிதம்’ பாடத்தில் கூட்டு மாறல் வந்தாலே ஆட்கள், நாள்கள், சுவர் கட்டுதல் என்றுதான் போகிறோம். மார்க்கையன்கோட்டையில் நான் அதற்குப் பள்ளியின் கணினி அறையை எடுத்துக்கொண்டேன். முன்னாள் மாணவர்கள் சிலர், பழைய மேசைக் கணினிகள் பத்தையும் மாற்றி, குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதியவற்றை வாங்கித்தர முன்வந்திருந்தார்கள். செலவு 3 லட்சம் ரூபாய்; சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பது காரணம். பள்ளி மேலாண்மைக் குழு கூடும் முன் அந்தக் காரணம் நிற்கிறதா என்று பிள்ளைகளே பார்க்கட்டும் என்றேன்.

1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். பழைய கணினி திரையோடு சேர்த்து 100 வாட், புதியது 40 வாட், நாளுக்கு 4 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் என்று கொண்டோம். பத்துக் கணினிக்குப் பழையதில் 800 யூனிட், புதியதில் 320. மிச்சம் 480 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 3840 ரூபாய். (உங்கள் பள்ளியின் கட்டணத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.) 3 லட்சத்தை 3840 ஆல் வகுத்தவுடன் வகுப்பே சிரித்தது. போட்ட பணம் திரும்ப 78 ஆண்டு!

அப்போது ஒரு மாணவன், “எங்க தோட்டத்து மோட்டாருக்கு பில்லே வராது சார். கரண்டு கம்மியா இழுக்குற மோட்டார் வாங்கி எங்களுக்கு என்ன லாபம்?” என்றான். இந்தப் பாடத்தின் உயிரே அந்தக் கேள்விதான். சேமிப்பவர் ஒருவர், கட்டணம் கட்டுபவர் வேறொருவர் என்றால் ரூபாய்க் கணக்கு மட்டும் போதாது. அரசுப் பள்ளிக்கும் இது பொருந்தும். எனவே கரியமில வாயுவுக்கு இரண்டாவது கணக்கு எழுதினோம்.

நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 480 யூனிட்டுக்கு 336 கிலோ மிச்சம். ஆனால் ஒரு புதிய கணினியைச் செய்து முடிப்பதற்குள்ளேயே ஏறத்தாழ 200 கிலோ வெளியாகிவிடுகிறது என்று கொண்டால், பத்துக்கு 2000 கிலோ. அதை ஈடுகட்டவே 6 ஆண்டு ஆகும். ஓடுகிற கணினியைத் தூக்கிப் போடுவது பசுமை ஆகாது என்பது என் முடிவு. பிள்ளைகளும் அதற்கே வந்தார்கள்.

பழுதான கணினிக்கு மாற்று வாங்குவது வேறு கணக்கு. அங்கே முழு விலையை அல்ல, இரண்டு மாதிரிகளுக்கு இடையிலான விலை வித்தியாசத்தை மட்டும் பார்க்க வேண்டும். குறைந்த வாட் கணினி 2000 ரூபாய் கூடுதல் என்றால், ஆண்டுக்கு 384 ரூபாய் மிச்சத்தில் ஐந்தேகால் ஆண்டில் பணம் திரும்பிவிடும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் பிடிக்க ஒரு பாடவேளை முழுவதும் ஆனது.

ஒரு குழு செலவே இல்லாத வழியைக் கண்டுபிடித்தது. வகுப்பு முடிந்தும் 3 மணி நேரம் கணினிகள் சும்மா 60 வாட்டில் ஓடினால், ஆண்டுக்கு 360 யூனிட், 2880 ரூபாய். புதிய கணினி மிச்சப்படுத்துவதில் முக்கால் பங்கு, ஒரு சுவிட்சிலேயே கிடைக்கிறது.

பழைய கணினி மெதுவாக இருக்கிறதே என்றால் நினைவகத்தைக் கூட்டலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளம் போடலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபோது, வேலை செய்யும் எத்தனையோ கணினிகள் ‘பழையவை’ ஆகிவிட்டன. பழைய இரும்புக் கடைக்கு மட்டும் அனுப்பக் கூடாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அது போக வேண்டும்.

பிள்ளைகள் எழுதிய தாளைக் குழுவில் வாசித்தோம். பழுதான இரண்டு கணினிகளுக்கு மட்டும் மாற்று, மற்ற எட்டுக்கும் நினைவகம் என்று முடிவானது. முன்னாள் மாணவர்கள் கோபிக்கவில்லை. மீதிப் பணத்தில் சூரியத் தகடு போடலாமா என்று கேட்டார்கள். 1 கிலோவாட் தகடு நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். விடுமுறை நாள் மின்சாரத்தை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பதில் வகுப்பு இப்போது இரண்டு கட்சியாக நிற்கிறது.