சுவரில் ஒட்டும் ரப்பர் கப்

செம்பூரில் நாங்கள் குடியிருப்பது பதினோரு மாத ஒப்பந்த வீடு. டைல்ஸில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் முதல் நிபந்தனை. வாடகை வீட்டு அன்பர்களுக்கு இது புதிதல்ல. அதனால் எங்கள் குளியலறையில் துண்டு, சோப்புப் பெட்டி, பிரஷ் எல்லாமே ரப்பர் சக்‌ஷன் கப்பில்தான் தொங்குகின்றன. ஊரிலிருந்து அம்மா வந்தபோது, பிடித்துக்கொண்டு எழுந்திருக்க அதே வகையில் ஒரு கைப்பிடியும் வாங்கி ஒட்டினேன். நான்காம் நாள் காலை அது அம்மா கையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்தில் தண்ணீர் டிரம் இருந்ததால் அதன்மேல் சாய்ந்து தப்பித்தார். மணிக்கட்டு மட்டும் வீங்கியது. இயற்பியல் படித்தவன் நான். வெட்கமாக இருந்தது.

கப் சுவரை உறிஞ்சிப் பிடிப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அதைச் சுவரோடு சேர்த்து அழுத்துவது வெளிக்காற்று. கப்பை அமுக்கினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறுகிறது. கையை எடுத்ததும் ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. உள்ளே இடம் கூடி, மிச்சக் காற்றின் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றோ ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 1 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. 5 செ.மீ. விட்டமுள்ள கப்பின் பரப்பு ஏறக்குறைய 20 சதுர செ.மீ. உள்ளே காற்றே இல்லையென்றால் அதைப் பிடுங்க 20 கிலோ இழுவை வேண்டும். கொஞ்சம் காற்று எப்போதும் இருக்கும் என்பதால் நடைமுறையில் இதைவிடக் குறைவுதான். (பெங்களூர் உறவினர்களுக்கு இன்னும் பத்தில் ஒரு பங்கு குறைவு, அவர்கள் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறார்களே!) குழந்தைகளுக்குக் காட்ட, பழைய கப் ஒன்றில் ஊசியால் துளையிட்டு ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டாது.

அப்படியானால் எங்கள் கைப்பிடி ஏன் கழன்றது? அதன் விளிம்பு இரண்டு டைல்ஸுக்கு நடுவிலுள்ள சிமெண்ட் கோட்டின்மேல் இருந்தது. சொரசொரப்பான அந்தக் கோட்டின் வழியே நான்கு நாளும் காற்று கசிந்து உள்ளே போயிருக்கிறது. இன்னொன்று, அம்மா கீழ்நோக்கி இழுத்தார். கீழ்நோக்கிய எடையைத் தாங்குவது ரப்பருக்கும் டைல்ஸுக்கும் இடையிலுள்ள உராய்வு. சோப்புத் தண்ணீர் அதையும் குறைத்துவிட்டது. கண்ணாடிக் கடைக்காரர்களும் கப் வைத்துத்தான் பெரிய கண்ணாடிகளைத் தூக்குகிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் துடைத்து, புதிதாக அமுக்கித் தூக்குகிறார்கள். நான் ஒட்டிவிட்டு மறந்துபோனேன்.

துண்டு மாட்ட கப் போதும். டைல்ஸின் நடுப்பகுதியில் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, விளிம்பை லேசாக நனைத்து அமுக்குங்கள். விறைத்துப் போன ரப்பரை வெந்நீரில் சற்று நேரம் போட்டால் இளகும். சுண்ணாம்புச் சுவரில் முயலவே வேண்டாம். கழற்றும்போது இழுக்காமல், விளிம்பை நகத்தால் நெம்பினால் போதும். காற்று உள்ளே புகுந்து தானே விடும்.

வீட்டுக்காரரிடம் அம்மாவின் கையைக் காட்டிப் பேசினேன். நான்கு துளை போடச் சம்மதித்தார். இப்போது அங்கே ஸ்டீல் கைப்பிடி திருகாணியில் நிற்கிறது. துண்டு மட்டும் இன்னும் கப்பில்தான்.