ஆபரேஷன் தியேட்டர் படிப்புக்கு எதிர்காலம் உண்டா?

கேள்வி: மகள் பிளஸ் டூ உயிரியல் பிரிவு. ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் படிப்பில் சேர்க்கலாமா? சம்பளம் குறைவு என்கிறார்களே?
– வாசகி, பெரியதாழை

பதில்: சேர்க்கலாம், ஆனால் எந்தப் படிப்பு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்காவில் இந்த வேலைக்கு 2023-இல் இடைநிலை ஆண்டு ஊதியம் 60,000 டாலருக்கு மேல். அதைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். அங்கே கத்தியும் கத்தரியும் எடுத்துக் கொடுப்பவர் இவர். நம் மருத்துவமனைகளில் அதைப் பெரும்பாலும் நர்ஸ்களே செய்கிறார்கள். மயக்க மருந்துக் கருவி, கிருமிநீக்கம், மானிட்டர் ஆகியவையே இங்கே டெக்னீஷியனின் பொறுப்பு. பல சிறு மருத்துவமனைகள் ஆறு மாதச் சான்றிதழ்காரரையும் பட்டதாரியையும் ஒரே தட்டில் வைத்ததால்தான் சம்பளம் ஏறவில்லை. வேலைக்கு மதிப்பில்லாததால் அல்ல.

இதை மாற்றவே 2021-இல் துணை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. டிப்ளமோ அளவுக்கே குறைந்தது 2,000 மணி நேரப் பயிற்சி, தொழில்வல்லுநர் நிலைக்கு 3,600 மணி நேரம் என்கிறது அது. ஆறு மாதப் படிப்பு இதில் எந்தக் கணக்கிலும் வராது. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரத் தாமதமாகிறதே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனாலும் நாளை அந்தச் சட்டப்படி பதிவு கேட்கும்போது கையில் இருக்க வேண்டியது பல்கலைக்கழகப் பட்டம். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர், மயக்கவியல் தொழில்நுட்பப் படிப்பையே முதலில் பாருங்கள். வளைகுடா நாடுகளும் முறையான கல்வித் தகுதி, அனுபவம், உரிமத் தேர்வு ஆகியவற்றைப் பொதுவாகக் கேட்கின்றன. விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டுமுன், அந்தக் கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா, மாணவர்கள் எந்த மருத்துவமனைத் தியேட்டரில் நிற்கிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள்.