அடியில் உருளும் கட்டி: பொகவந்தலாவைக்கு வரும் இளம் மருத்துவருக்கு ஒரு கடிதம்



தேயிலைத் தோட்டப் பகுதியான பொகவந்தலாவையில் பணியேற்கும் மருத்துவர், இலங்கைப் பாடநூல்கள் களம் என்றழைக்கும் உணவுக்குழாயின் அரிய கட்டிகளைப் படிக்குமுன், அங்கே அரிதல்லாத ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். புகையிலை சேர்த்த வெற்றிலை களப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் உறுதிசெய்துள்ளது. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தும் பானங்களும் அந்நோயைத் தரக்கூடும் என்று 2016இல் அது வகைப்படுத்தியது. (இதில் பழி சூட்டுக்கே உரியது, தேயிலைக்கு அன்று.) குளிருக்கு இவ்விரண்டையும் துணைகொண்டு கொழுந்து பறிக்கும் பெண்ணொருவர் “சோறு நெஞ்சில அடைக்குது” என்று வந்து நின்றால், இரைப்பை எரிச்சலுக்கான மாத்திரையோடு அவரை லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்புக்குத் திருப்பி அனுப்புவது பெரும்பிழை. முதலில் ரொட்டி, பின்னர் சோறு, பின்னர் கஞ்சி என அடைப்பு முன்னேறியிருந்தால் குழாய் ஒடுங்கிவருகிறது என்று கொள்ளலாம். தொடக்கத்திலேயே தண்ணீரும் சோறும் ஒருபோல நின்றிருந்தால் தசையியக்கக் கோளாற்றை எண்ணவேண்டும். இரும்புச்சத்துக் குறைந்து வெளிறிய பெண்களின் மேற்களத்தில் மெல்லிய சவ்வு வலை குறுக்கே வளர்வதும் உண்டு. அவ்விடத்தில் பிற்காலத்தில் புற்றுநோய் தோன்றக்கூடுமாதலால், இரத்தச்சோகைக்கு மருந்து கொடுத்ததோடு பணி முடிவதில்லை.

எண்டொஸ்கோப்பியில் புண் தெரிந்தால் அதன் ஓரத்திலிருந்து பல துண்டுகளைக் கிள்ளியெடுக்க எவரும் தயங்குவதில்லை. தயங்கவேண்டிய இடம் வேறு: சீதமென்சவ்வு பழுதின்றி மினுங்க, அதன் அடியில் ஏதோ உருண்டு நிற்கும் இடம். அது பெரும்பாலும் லியோமயோமா, அதாவது குழாய்ச்சுவரின் மழமழப்பான தசையில் வளரும் தீங்கற்ற கட்டி. சிறிதாய்த் தொல்லையின்றி இருந்தால் கண்காணித்தாலே போதும். அடைத்தால், சவ்வைக் கிழிக்காமல் கட்டியை மட்டும் தோண்டியெடுக்கலாம். மேலிருந்து அவசரமாகக் கிள்ளினால் சவ்வு மட்டுமே கையில் வரும், கட்டி அகப்படாது. கிள்ளிய இடம் வடுவாகிக் கட்டியோடு ஒட்டிக்கொள்வதால், பின்னாளில் தோண்டும் சத்திரசிகிச்சை நிபுணர் சவ்வையே கிழிக்க நேரும். கிள்ளக்கூடாது என்ற பழைய விதி இப்படித்தான் பிறந்தது. ஆயினும் அதைக் கண்மூடிப் பின்பற்றுவதும் தகாது. ஏனெனில் அதே தோற்றத்தோடு, களத்தில் மிக அரிதாக, பரவும் இயல்புடைய ஜிஸ்ட் என்னும் கட்டி இருக்கக்கூடும். எண்டொஸ்கோப்பி நுனியில் பொருத்திய ஒலியலைக் கருவியால் கட்டி எந்த அடுக்கில் நிற்கிறது என்று பார்த்து, நுண்ணூசியால் இழையமெடுத்துச் சாயமூட்டினால் விடை கிடைக்கும்: டெஸ்மின் புரதம் லியோமயோமாவைக் காட்டும், சிடி117 புரதமும் டாக்1 புரதமும் ஜிஸ்ட்டைக் காட்டும். பெரிய ஜிஸ்ட்டை இமாட்டினிப் மாத்திரையால் சுருக்கிய பின் வெட்டியெடுக்கும் வழியும் உண்டு.

மேற்களத்தில் காம்போடு தொங்கும் நார்க்கட்டி வேறு வகையில் ஏமாற்றும். அதன் மேற்பரப்பு இயல்பான சவ்வாகவே இருப்பதால் கருவி பக்கவாட்டில் வழுக்கிக் கீழே போய்விடும். இருமும்போது வாய்க்குள் ஏதோ நீண்டு வந்து திரும்பியது என்று நோயாளி சொன்னால் நம்பவேண்டும். அது மூச்சுவழியை அடைக்கவல்லது. கறுத்த கட்டி மெலனோமாவாக இருக்கலாம். தோலையும் கண்ணையும் சோதித்த பின்னரே அது களத்திலேயே தோன்றியது எனலாம். சிறுகலப் புற்றுநோய் விரைவில் பரவுவதால் கத்தி மட்டும் அதற்குப் போதாது. மருந்தும் கதிரும் வேண்டும்.

இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ, அதற்கப்பால் கண்டிக்கோ, மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ நோயாளி போவதென்றால் நாட்சம்பளம் போகும், துணைக்கு வருபவரின் சம்பளமும் போகும். ஆகவே அவர் கையில் கொடுக்கும் கடிதத்தில் “களக் கட்டி” என்ற இரு சொற்கள் போதா. வெட்டுப்பற்களிலிருந்து எத்தனை சென்ரிமீற்றரில் கட்டி தொடங்குகிறது, அதன்மேல் சவ்வு வழுவழுப்பா புண்ணா, இழையம் எடுக்கப்பட்டதா, எடுக்காமல் விட்டிருந்தால் ஏன் என்பன தெளிவாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும். கடைசி விவரம் விடுபட்டால், அடுத்த வைத்தியசாலையில் யாரேனும் கிள்ளிவிடுவர்.