ஏரிக்கரையும் நிலைபெறு வேளாண்மையும்

ஆஸ்திரேலியரான பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978-இல் வெளியிட்ட நூலால் 'பெர்மாகல்ச்சர்' என்னும் சொல் பரவலாயிற்று. இதனை நிலைபெறு வேளாண்மை எனலாம். குயின்ஸ்லாந்து மாநிலத்துக் கிரிஸ்டல் வாட்டர்ஸ் இந்நெறியில் அமைந்த சூழல் கிராமமாகும். இக்கல்விக்குரிய அடிப்படைப் பயிற்சி 72 மணிநேரம் கொண்டது.

ஓடும் நீரை நிதானப்படுத்தி, பரப்பி, மண்ணுள் இறக்குதல் அதன் முதன்மைப் பாடங்களுள் ஒன்று. சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் வாய்க்கால் வெட்டுவர்; அம்மண்ணைக் கீழ்ப்புறம் கரையாக்கி மரம் நடுவர். இதனைப் படிக்குந்தோறும் நம் ஏரிக்கரையே கண்முன் நிற்கிறது. வேறுபாடும் உண்டு: அவ்வாய்க்காலுக்கு மதகில்லை, நம் ஏரியோ மதகின் வழியே வயலுக்கும் நீரளித்தது.

அம்பத்தூர் ஏரி நிரம்பின் மிகுநீர் கலங்கல் வழியே கொரட்டூர் ஏரியை அடையும், அதற்கப்பால் இரட்டேரி. ஒன்றன் மிகுதி மற்றொன்றன் வரவாகும் இவ்வமைப்பை எந்த வெளிநாட்டு வரைபடமும் விஞ்சிவிடவில்லை என்பது நம் கருத்து. ஆயின் வயல்கள் மனைகளாயின. மிகுநீர்க் கால்வாயில் கழிவுநீர் புகுந்தது. ஏரியைக் காக்கக் கொரட்டூர் மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை செல்ல நேர்ந்தது.

ஹோம்கிரன் வகுத்த கோட்பாடுகளுள் முதலாவது, உற்றுநோக்கிப் பின் செயற்படுக என்பது. கடல் கடந்து பயில விழையும் மாணவர், ஒரு மழைக்காலக் காலையில் அம்பத்தூர்க் கலங்கலிலிருந்து கொரட்டூர் வரை நடந்து, நீர் எங்கே தடைப்படுகிறது, கழிவு எங்கே கலக்கிறது எனக் குறித்து வருவாராக.