தீர்ப்புக்கும் தண்டனைக்கும் நடுவே

அன்புள்ள தங்கைக்கு,

தம்மம்பட்டியிலிருந்து ஆத்தூர் கோர்ட்டுக்குப் போய்வரத் தொடங்கியிருக்கும் உனக்குக் கொலை வழக்கு இப்போதைக்குத் தனியாக வராது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ இடமுள்ள வழக்குகளில், சட்ட உதவிக்குப் பத்து ஆண்டு அனுபவம் உள்ள வழக்கறிஞரைத்தான் நியமிக்க வேண்டும் என்று 2019இல் அனோகிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கட்டு சீனியர் பெயரில் வந்தாலும், அதைப் பிரித்துப் படித்துக் குறிப்பெடுக்கப் போவது நீதான். அதனால்தான் சீனியருக்கு எழுதாமல் உனக்கு எழுதுகிறேன். தூக்கு வேண்டுமா வேண்டாமா என்பதைப் பட்டிமன்றத் தலைப்பாகவே பேசிப் பழகிவிட்டோம். நடப்பிலோ, குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, தண்டனையைச் சொல்வதற்கு முன்னால், செஷன்ஸ் கோர்ட்டில் கிடைக்கும் சொற்ப நேரத்தில்தான் அது முடிவாகிறது. அந்த நேரம் எப்படிக் கழிகிறது என்பதைக் கவனித்த எவரும் இந்தத் தண்டனையை ஆதரிக்க முடியாது என்பதே என் கட்சி.

கொலைக்கு ஆயுள் தண்டனையே இயல்பானது, தூக்கு விதிக்கத் தனிக் காரணம் எழுத வேண்டும் என்று 1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொன்னது; புதிய சட்டமும் அதையே சொல்கிறது. 1980இல் வந்த பச்சன் சிங் தீர்ப்பு ஒரு படி மேலே போனது. அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே தூக்கு, குற்றத்தோடு குற்றவாளியையும் பார்க்க வேண்டும், அவர் திருந்தவே மாட்டார் என்பதை அரசுத் தரப்புதான் காட்ட வேண்டும் என்றது. ஏட்டில் இருப்பது இது. கோர்ட்டிலோ, தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்டால் கூண்டில் நிற்பவர், “நான் எந்தத் தப்பும் பண்ணலீங்க சாமி” என்பார். வக்கீல் எழுந்து, வயதான தாய், சின்னக் குழந்தைகள், முன்குற்றம் இல்லை, குறைந்தபட்சத் தண்டனை தர வேண்டும் என்பார். ஒரு மனிதனின் முப்பது நாற்பது வருட வாழ்க்கை மூன்று வரியில் முடிந்துபோகும். பல வழக்குகளில் தண்டனையும் அன்றைக்கே வந்துவிடும்.

நம் சேலத்தில் நடந்ததையே எடுத்துக்கொள். 2000 பிப்ரவரி 2ஆம் தேதி, பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டதும், தருமபுரி இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் இருந்த பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று பெண்கள் கருகிச் செத்தார்கள். ஒருவர் நாமக்கல் பக்கத்துப் பிள்ளை. கிருஷ்ணகிரியில் சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்ததால் வழக்கை உயர் நீதிமன்றம் சேலத்துக்கு மாற்றியது. 2007 பிப்ரவரியில் சேலம் நீதிமன்றம் மூவருக்குத் தூக்கு விதித்தது. அதே டிசம்பரில் உயர் நீதிமன்றமும், 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. பிறகு 2014இல், தூக்குத் தண்டனைக் கைதிகளின் சீராய்வு மனுக்களைத் திறந்த நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டும் என்று வேறொரு வழக்கில் தீர்ப்பு வந்தது. அந்த வழியில் இந்த வழக்கையும் மறுபடி கேட்ட உச்ச நீதிமன்றம், கும்பல் வெறியில் நடந்தது, மாணவிகளைக் கொல்லும் முன்திட்டம் இல்லை என்று 2016 மார்ச்சில் ஆயுளாகக் குறைத்தது. புதிய சாட்சி யாரும் வரவில்லை. எரிந்ததும் அதே பஸ்தான். நடுவிலிருந்த ஐந்தரை ஆண்டுகளில் தூக்கு நிறைவேறியிருந்தால், பின்னால் வந்த அந்தக் காரணங்களைக் கேட்க அந்த மூவரும் இருந்திருக்க மாட்டார்கள். அவர்கள் செய்தது மன்னிக்கக்கூடியது என்று நான் சொல்லவில்லை. ஒரே செயலை 2010இல் சாவுக்கு உரியதாகவும் 2016இல் அப்படி அல்லாததாகவும் காணக்கூடிய அளவுகோலை வைத்துக்கொண்டு ஓர் அரசு உயிரை எடுக்கக் கூடாது என்கிறேன்.

இது ஒரு வழக்கின் விபத்து அல்ல. 2000 முதல் 2015 வரை விசாரணை நீதிமன்றங்கள் விதித்த தூக்குத் தண்டனைகளைத் தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. மேல்முறையீடு முடிந்தவற்றில் நூற்றுக்கு ஐந்துகூட நிற்கவில்லை. ஏறக்குறைய முப்பது, முழு விடுதலையில் முடிந்தன. தூக்குக் கைதிகளில் நான்கில் மூன்று பேர் ஏழைகள். சென்னை முகலிவாக்கத்தில் 2017இல் ஒரு குழந்தை கொல்லப்பட்ட வழக்கில் நாடே கொதித்தது. மறு ஆண்டு செங்கல்பட்டு நீதிமன்றம் தூக்கு விதித்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று, தூக்கு விதிக்கப்பட்டவரை விடுவித்தது. சட்ட உதவி வழக்கறிஞருக்குத் தயாராகப் போதிய அவகாசம் தரவில்லை என்றும் கண்டித்தது. அவசரம் அந்தக் குழந்தைக்கும் நீதி தரவில்லை.

எதிர்க்கட்சியார் திருக்குறளையே எடுத்துப் போடுவார்கள். கொடியவர்களை அரசன் ஒறுப்பது பயிரைக் காக்கக் களையெடுப்பது போன்றது என்ற கருத்து செங்கோன்மை அதிகாரத்தில் இருக்கிறது, அதை மழுப்பாதே. அதே அதிகாரம் யார் பக்கமும் சாயாமல் ஆராய்வதில்தான் தொடங்குகிறது என்பதைக் காட்டு. மரவள்ளிக் காட்டில் களை வெட்டுகிறவள் நூறு வெட்டில் முப்பது வெட்டைப் பயிரின் மேல் போட்டால், மறுநாள் அவள் கையில் களைக்கொத்தை யாரும் கொடுக்க மாட்டார்கள்.

பயம் வேண்டும் என்பது அடுத்த வாதம். தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர் ஆட்டோ சங்கர், 1995 ஏப்ரல் 27, நம் சேலம் மத்தியச் சிறையில். இந்த நூற்றாண்டில் நாடு முழுவதும் தூக்கிலிடப்பட்டவர்கள் எட்டே பேர். 1992இல் லட்சம் பேருக்கு நான்கரைக்கு மேல் இருந்த இந்தியாவின் கொலை விகிதம் இன்று இரண்டை ஒட்டி நிற்கிறது. தூக்கு அரிதானதால்தான் கொலை குறைந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. தூக்குதான் தடுக்கிறது என்றும் சொல்ல முடியாது.

எனக்கு வலிக்கும் எதிர்வாதம் பெற்றவர்களுடையது. தருமபுரிக் குற்றவாளிகள் மூவரும் 2018 நவம்பரில் வெளியே விடப்பட்டார்கள், எம்.ஜி.ஆர். நூற்றாண்டின் பெயரால். தூக்கில்லை என்றால் கதி இதுதானா என்று மகளை இழந்த தகப்பன் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே தவறு, விடுவித்த கையில் இருக்கிறது. தண்டனைக் குறைப்பே இல்லாத ஆயுளை விதிக்கலாம் என்று 2008இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டிவிட்டது. 2015இல் திருச்செங்கோட்டிலிருந்து கடத்திக் கொல்லப்பட்ட ஓமலூர் இளைஞரின் வழக்கில் முதல் குற்றவாளிக்குச் சாகும்வரை சிறை என்று 2022இல் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்றத்திலும் அது நின்றது. உடுமலை ஆணவக் கொலையில் 2017இல் ஆறு பேருக்குத் தூக்கு என்றபோது ஊரே கைதட்டியது. 2020இல் பெண்ணின் தகப்பன் விடுதலை, ஐவருக்கு ஆயுள். குடும்பத்துக்குத் தேவை மேல்கோர்ட்டில் உடையாத தீர்ப்பு.

இனி உன் வேலை. 2022இல் மனோஜ் வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரின் வளர்ப்பு, படிப்பு, மனநிலை, சிறை நடத்தை எல்லாவற்றையும் விசாரணை நீதிமன்றமே கேட்டுப் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. யாராவது தேடிப் போனால்தான் அவை கிடைக்கும். அவர் போர்வெல் லாரியில் ஊர் ஊராகப் போனவரா, செங்கல் சூளையில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டவரா, தலையில் அடிபட்டு ஆத்தூர் ஜி.எச்.சில் கிடந்தாரா என்பதைச் சென்னையிலிருந்து வரும் பெரிய வக்கீல் கண்டுபிடிக்க மாட்டார். கொல்லிமலை அடிவாரத்திலும் பச்சைமலைப் பக்கமும் திண்ணையில் உட்கார்ந்து பேசத் தெரிந்த உன்னால் முடியும். தாயிடம் ஒரு தடவை போனால் போதாது. முதல் நாள் அவர் அழத்தான் செய்வார்.

பள்ளிக்கூடப் பதிவேட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதே. மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் தூக்கு விதிக்கப்பட்ட ஒருவர், குற்றம் நடந்தபோது பன்னிரண்டு வயதுப் பையன் என்பது ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளியின் பதிவேட்டிலிருந்து தெரியவந்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது சிறையில் 28 ஆண்டுகள் போயிருந்தன. உன் சீனியர் மேசைக்குக் குற்றப்பத்திரிகை நகல் வந்து சேரும் வாரத்திலேயே தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுது. தீர்ப்பு நாளில் அதற்கு நேரம் இருக்காது.